‘செவ்வாய்க்கிழமை வரத் தேவையில்லை, பிள்ளை’

கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, சர்க்கரை பார்ப்பது எல்லாம் புதிதாக இந்த வேலைக்கு வரும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நீங்கள் படித்து வந்திருக்கும் காலம் அப்படி. அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை.

ஆக்லாந்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வார்டில் நோயாளி நம் இடத்துக்கு வருகிறார். இந்த வேலையில் நாம் அவருடைய இடத்துக்குப் போகிறோம். வாசலில் செருப்பைக் கழற்றிய நிமிடத்திலிருந்து அது அவர்கள் வீடு, அவர்கள் வைத்ததுதான் சட்டம். அந்த நாலு சுவருக்குள் யாரால் யாருக்கு ஆபத்து என்பதை வெளியாள் ஒருவர் பார்க்க முடியும் என்றால், பெரும்பாலும் அது நாம்தான்.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: “அக்கா, கத்துறவங்கள எப்படிச் சமாளிக்கிறது?”

அது சீக்கிரம் பழகிவிடும். கத்துகிறவர் தன் மனதில் இருப்பதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்; கேட்கத் தெரிந்தால் போதும். கத்தாதவர்களைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். எல்லாரும் ‘தங்கமான மனுஷன்’ என்று சொல்லும் ஆட்களைப் பற்றி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மலேசியாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். காலில் ஆறாத புண்ணோடு ஒரு பெரியவர், அவரைப் பார்த்துக்கொள்ளும் நாற்பது வயது மகன். இரண்டே பேர். என்னோடு எங்கள் குழுவின் சீனியர் நர்ஸ் வந்திருந்தார். தொங்கா நாட்டுப் பெண், வயதில் என்னைவிடச் சிறியவர். நாங்கள் உள்ளே போனதுமே பெரியவர் ஆரம்பித்துவிட்டார். “யாரக் கேட்டு உள்ள வந்தீங்க? வெளிய போங்க!” என்று கைத்தடியால் தரையைத் தட்டினார். மகன் சிரித்துக்கொண்டே வந்து, “மன்னிச்சுக்குங்க சிஸ்டர், அப்பா எப்பவும் இப்படித்தான். நான் டீ போடுறேன், உட்காருங்க,” என்றான். கடைசிவரை அவன் குரல் ஒரு முறைகூட உயரவில்லை.

வெளியே வந்து காரில் ஏறியதும் சீனியர் கேட்டார்: “இந்த வீட்டில் யாரைப் பற்றி உனக்குக் கவலை?”

“அந்த அப்பாவைப் பற்றித்தான். தடியால் அடித்தாலும் அடித்துவிடுவார்.”

“எனக்கு மகனைப் பற்றித்தான் கவலை. அப்பாவிடம் நாம் கேட்ட எல்லாவற்றுக்கும் மகன்தான் பதில் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அப்பா முதலில் மகன் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கத்தினார். மகன் டீ போட உள்ளே போனானே, அப்போது அவர் கத்தினாரா?”

யோசித்துப் பார்த்தேன். கத்தவில்லை. அந்த நேரத்தில் குனிந்து என்னிடம் தமிழில் ஒன்று கேட்டார். அதைச் சீனியருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்: ‘நாளைக்கும் வருவீங்களா?’

அடுத்த முறை, புண்ணைச் சரியாக அளக்க வேண்டும் என்று சொல்லிப் பெரியவரை மட்டும் கிளினிக்குக் கூட்டிவந்தோம். முழுப் பரிசோதனைக்காகச் சட்டையைக் கழற்றியபோது முதுகில் பழைய தழும்புகளும் புதிய காயங்களும் இருந்தன. மகன் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் எங்களை விரட்டுவதுபோல் கத்தியிருக்கிறார். அவர் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அதற்கு வேண்டியதை அன்றே செய்தோம்.

ஒரு வீட்டில் பேசுவதற்கு முன்னால் யார் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனிக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பிறகு பல வீடுகளில் அது உதவியது. ஆனால் அந்த மகன் மனதில் கொடுமை இருந்தது. கொடுமையை மறைக்கிறவனைத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். கொடுமையே இல்லாத மனிதரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

லின்ஃபீல்டில் சிவபாலன் ஐயாவும் இந்திராணி அம்மாவும் இருந்தார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. இங்கே தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. சில நாள் கணவரைத் தன் அண்ணன் என்பார், சில நாள் யாரோ என்பார். காலில் சர்க்கரைப் புண். அதற்குக் கட்டு மாற்றத்தான் செவ்வாயும் வெள்ளியும் நான் போவேன்.

அந்த மனிதர் மனைவியைப் பார்த்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் குளிப்பாட்டி, தலை இழுத்துப் பின்னிவிட்டு, பொட்டு வைத்து, ஜன்னலோரம் வெயிலில் உட்காரவைத்திருப்பார். நான் கட்டைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்: “புண் காயுதோ, பிள்ளை?” சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடையில் அவரைப் பார்க்கும் பெண்கள், ‘புருஷன்னா இப்படி இருக்கணும்’ என்று தங்கள் கணவர்களுக்குக் கேட்கும்படி சொல்வார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொன்றாக மாறியது. அம்மாவைக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த உதவியாளரை முதலில் நிறுத்தினார். “வேற ஆக்கள் தொட்டால் அவ பயப்பிடுறா.” அது உண்மைதான். பிறகு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். “தனிய விட்டிட்டுப் போகேலாது.” அதுவும் உண்மை. சீட்டு விளையாட வரும் நண்பரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “சத்தம் கேட்டால் அவவுக்குத் தலையிடி.” அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொரு காரணமும் நியாயமானது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வீட்டுக் கதவு வெளியாட்களுக்கு மூடிக்கொண்டே வந்தது. கடைசியில் நான் ஒருத்திதான் மிச்சம்.

ஒரு நாள் அம்மாவின் மேல்கையில் விரல் பட்ட இடம் கன்றியிருந்தது. கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: “விடியப்புறம் கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போகப் பாத்தவ. இழுத்துப் பிடிச்சனான். கொஞ்சம் பலமாப் பிடிச்சிட்டன் போலை.” அலுவலகத்தில் அதைச் சொன்னேன். இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு ரெஸ்ட் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், இடமும் கிடைத்தது. அடுத்த புதன்கிழமை அம்மா அங்கே போக வேண்டும்.

மெல்போர்னில் இருந்த மகள் ஷாமினி போனில் ஒத்துக்கொண்டார். ஐயா சண்டை போடுவார் என்று நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் “சரி” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் பேச்சில் ஒரு வித்தியாசம். அதுவரை ‘அவ சாப்பிட்டா’, ‘நான் பிறகு சாப்பிட்டனான்’ என்று தனித்தனியாகச் சொல்லிவந்தவர், எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’ என்று சொல்ல ஆரம்பித்தார். “நாங்கள் இனி ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கமாட்டம், பிள்ளை.” தொந்தரவைத்தான் அவர்கள் கரைச்சல் என்பார்கள். காதில் விழுந்தது. மனதின் ஓரத்தில் வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் போனபோது வீடு பளிச்சென்று இருந்தது. அவர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். வாரக்கணக்காகத் தூங்காமல் கறுத்துப்போயிருந்த முகம் தெளிந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ‘முடிவை ஏற்றுக்கொண்டுவிட்டார், நல்லது’ என்றுதான் நினைத்தேன்.

கட்டை மாற்றினேன். அவர் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. புண் காய்கிறதா என்று கேட்கவில்லை. நானாகவே, “நல்லா ஆறிட்டு வருது ஐயா,” என்றேன். “அப்பிடியோ,” என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மாவைப் படுக்கையறையில் படுக்கவைத்துவிட்டு நான் கிளம்பும்போது, ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறிவேப்பிலைச் செடி.

ஆக்லாந்துக் குளிரில் கறிவேப்பிலை வளர்க்கிற பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ வருடமாக வீட்டுக்குள்ளேயே, வெயில் வரும் ஜன்னலுக்கு ஜன்னல் மாற்றி மாற்றி வைத்து அவர் காப்பாற்றிய செடி அது. யாராவது ஒரு கொத்து கேட்டால்கூட இலை இலையாக எண்ணித்தான் கொடுப்பார்.

“நீங்கள் கொண்டு போங்கோ. உங்களுக்கு உதவும்.”

“ஐயா, இது உங்க செடி. எனக்கெதுக்கு?”

“வச்சிருங்கோ. பிறகு, செவ்வாய்க்கிழமை வரத் தேவையில்லை, பிள்ளை. மகள் ஞாயிற்றுக்கிழமை வாறாள். அவள் எல்லாம் பாப்பாள்.”

வாசல்வரை வந்தார். ஒவ்வொரு தடவையும் என்னை அனுப்பும்போது “போட்டு வாங்கோ” என்பார். போய்விட்டு வாருங்கள் என்று அர்த்தம். நம்மில் யாரும் யாரையும் வெறுமனே ‘போ’ என்று அனுப்புவதில்லை. எந்த ஊர்த் தமிழாக இருந்தாலும் அதில் ஒரு ‘வா’ இருக்கும். அன்றைக்கு அவர் சொன்னது வேறு.

“சுகமா இருங்கோ.”

காரில் செடியை வைத்து பெல்ட் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த நோயாளி காத்திருந்தார். ஆனால் சாவியைத் திருப்ப முடியவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு பெரியவர் நன்றாகத் தூங்கியிருக்கிறார், வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறார், ஒரு செடி கொடுத்தார், நல்ல வார்த்தை சொன்னார். இதை எடுத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது?

சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு விஷயம் இருந்தது. மெல்போர்னுக்குப் போன் போட்டேன்.

“ஷாமினி, ஞாயிற்றுக்கிழமை நீங்க வர்றீங்களா?”

“இல்லையே அக்கா. அடுத்த மாசம்தான் லீவு கிடைச்சிருக்கு. அப்பாவுக்குத் தெரியுமே.”

“அப்பா உங்ககிட்ட எப்ப பேசினாங்க?”

“நேற்றுக் கதைச்சவர். நல்ல சந்தோசமா இருந்தார். பிள்ளையள் ஒவ்வொருத்தரோடையும் தனித்தனியாக் கதைக்கோணும் எண்டு கேட்டவர். அதுகள் இங்கிலீஷிலை என்னவோ சொல்ல, பொறுமையாக் கேட்டுக்கொண்டு இருந்தார். ஏன் அக்கா?”

“அப்புறம் கூப்பிடுறேன். போனைப் பக்கத்துலயே வச்சிருங்க.”

எனக்குச் சந்தேகம் போய்விட்டது. மனைவியை அவரிடமிருந்து பிரிக்கும் நாள் குறித்தாகிவிட்டது. தன்னைச் சுற்றியிருந்த ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டார். பேரப்பிள்ளைகளிடம் பேசிவிட்டார். செடிக்கு ஒரு வீடு பார்த்துவிட்டார். என்னையும் பொய் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். கேள்வி ஒன்றுதான்: தான் மட்டும் போகப்போகிறாரா, அல்லது அந்த ‘நாங்கள்’ போகப்போகிறார்களா?

மேலாளரை அழைத்து எங்கே இருக்கிறேன், என்ன நினைக்கிறேன் என்று சொன்னேன். “அவரா? அந்த மனிதரா?” என்றார். “ஆமா, அவர்தான். கொஞ்ச நேரத்தில் நான் அழைக்காவிட்டால் போலீஸை அனுப்புங்கள்,” என்றேன். இதை எப்போதும் செய்யுங்கள். உள்ளே போவதற்கு முன்னால் வெளியே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணிச்சல் காட்டுகிற வேலை இல்லை இது.

அந்தச் சில நிமிடத்தில் இன்னொன்றையும் யோசித்தேன். என் ஊகம் தவறாக இருந்தால் என்ன ஆகும்? வயதில் மூத்த, மரியாதையான ஒருவரை அவமானப்படுத்தியதாக ஆகும். எனக்கு வெட்கம், அவருக்குக் கோபம், அலுவலகத்துக்கு ஒரு புகார். என் ஊகம் சரியாக இருந்து நான் கேட்காமல் போனால்? இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசவே முடியாது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

“என்ன பிள்ளை, ஏதும் விட்டிட்டுப் போட்டீங்களோ?”

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் ஐயா. உட்கார்ந்து பேசலாமா?”

இங்கே மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சியில் நமக்குச் சொல்லித்தருவதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் பெரியவர்களிடம் நாம் வளைத்துத்தான் கேட்போம். ‘மனசு சரியில்லையா?’, ‘கஷ்டமா இருக்கா?’ அப்படிக் கேட்டிருந்தால் ‘அப்பிடி ஒண்டுமில்லை’ என்று அவரும் வளைத்தே பதில் சொல்லி, மறுபடியும் வாசல்வரை வந்து அனுப்பியிருப்பார். பச்சையாகக் கேட்க வேண்டும். வாய்க்குக் கூசும். கூசினாலும் கேட்க வேண்டும்.

“ஐயா, சாகணும்னு முடிவு பண்ணியிருக்கீங்களா?”

அவர் சட்டைக் கையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“அம்மாவையும் உங்ககூட கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சிருக்கீங்களா?”

“ஓம்,” என்றார்.

டீ வேண்டுமா என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு, அடக்கிவைத்திருந்தது எல்லாம் வந்தது. “நான் இல்லாத இடத்திலை அவ ஒரு நாளும் இருந்ததில்லை, பிள்ளை. அங்கை ஆர் அவவுக்குத் தலை இழுத்துவிடுறது? ஆர் அவவோடை தமிழிலை கதைக்கிறது? பயந்து அழுதால் என்ன எண்டு ஆருக்கு விளங்கும்? நான் கொலை செய்யேல்லை. அவவைத் தனிய விடாமல் கூட்டிக்கொண்டு போறன். அவ்வளவுதான்.”

அவர் மனதில் வன்முறை என்ற சொல்லே இல்லை. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தீங்கு செய்யப்போகிறோம் என்று நினைத்துச் செய்கிறவர்களின் முகத்தில் அது தெரியும். காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்கிறவர்களின் முகத்தில் அன்புதான் தெரியும். அன்பைப் பார்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாகக் கிளம்பிவிடுவீர்கள்.

“அம்மாகிட்ட கேட்டீங்களா ஐயா?”

“அவவுக்கு என்ன விளங்கும்?”

“அப்போ இது அம்மாவோட முடிவு இல்லை. நீங்க தனியா எடுத்த முடிவு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. சட்டென்று எழுந்தார். “நான் அவவை ஒருக்காப் பாத்திட்டு வாறன்,” என்று படுக்கையறைப் பக்கம் திரும்பினார்.

மன அழுத்தத்தில் இருக்கும் ஒருவரின் வழியை மறிக்காதே என்பது நம் வேலையின் அடிப்படை விதி. ஆபத்தில் இருப்பவரை ஆபத்தானவரோடு தனியாக விடாதே என்பது இன்னொரு விதி. இரண்டும் அந்தக் குறுகலான நடைவழியில் எதிரெதிரே வந்து நின்றன. மறித்தால் தள்ளிவிட்டுப் போவார். விட்டால் கதவைச் சாத்திக்கொள்வார்.

நானும் எழுந்தேன். அவர் முன்னால் போய் நிற்கவில்லை, பக்கத்தில் சேர்ந்து நடந்தேன். “வாங்க ஐயா, ரெண்டு பேருமா அம்மாவ வெளிய கூட்டிட்டு வந்துருவோம். இங்க நல்ல வெயில் அடிக்குது. நீங்க அந்தப் பக்கம் பிடிச்சுக்குங்க.”

தினமும் அவர் செய்கிற வேலை அது. கைகள் தாமாகவே அந்த வேலைக்குப் போய்விட்டன. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கக் கலக்கத்தில் இந்திராணி அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “பஸ் வந்திட்டுதோ?” என்று கேட்டார்.

“இல்லை, இன்னும் வரேல்லை,” என்றார் அவர். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, காலடியில் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். சத்தம் போட்டு அழுதார். நான் தடுக்கவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் சொன்னேன்: “நான் இப்போ சிலருக்குப் போன் பண்ணப்போறேன். உங்க முன்னாலதான் பேசுவேன். உங்களுக்குத் தெரியாம எதுவும் செய்யமாட்டேன். ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னாலும் பண்ணுவேன்.” அவர் தலையசைத்தார். மேலாளரிடமும் அவசர மனநலக் குழுவிடமும் பேசினேன். அவர்கள் வந்து சேரும்வரை மூன்று பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அதற்காக எதையெல்லாம் சேர்த்துவைத்திருந்தாரோ, அதை வந்தவர்களிடம் அவரே எடுத்துக் கொடுத்தார். அது என்னவென்று எழுதமாட்டேன். உங்களுக்கு அது தேவையில்லை.

ஷாமினியிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். “என்ர அப்பாவைக் கொலைகாரன் எண்டு சொல்லுறீங்களோ? உங்களுக்கு அவரைத் தெரியுமோ?” என்று கத்தினார். அவர் கத்தட்டும் என்று விட்டேன். பிறகு, “அப்பா உயிரோட இருக்காங்க. அம்மாவும் இருக்காங்க. அடுத்த ஃபிளைட்டைப் பிடிச்சு வாங்க,” என்றேன். அன்று மாலையே அம்மாவை ரெஸ்ட் ஹோமுக்கும் ஐயாவை மருத்துவமனைக்கும் கூட்டிப்போனார்கள். ஏறும் முன்பு அவர் என்னிடம் பேசவில்லை. அம்மாவை அழைத்துப்போக வந்த பெண்ணிடம்தான் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார், இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால்தான் தூங்குவார் என்று.

பிறகு என்ன பேச்சு வந்தது என்று கேட்காதீர்கள். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்த நர்ஸ் என்று கோயில் வாசலிலேயே சொன்னார்கள். சான்ட்ரிங்ஹாம் கடையில் ஒரு அம்மா, “அந்த மனுஷன் மேல போய் இப்படிப் பழி போடுறியே,” என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். சாமானுக்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஒரு குடும்பத்தின் விஷயத்தைக் கடையில் வைத்துப் பேசுவது என் வேலை இல்லை. நான் செய்தது சரி என்பதில் அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மெல்போர்னிலிருந்து வந்து இறங்கிய ஷாமினி, இரண்டு நாள் மருத்துவமனையில் அப்பாவோடு இருந்துவிட்டு என்னைத் தேடி வந்தார். “அப்பா எல்லாம் சொன்னவர். அக்கா, என்ர அப்பா கெட்டவரோ?” என்று கேட்டார்.

“இல்லம்மா. நல்லவர்தான். களைச்சுப்போய், தனியாகி, இனி வேற வழியே இல்லைன்னு நம்பிட்டாரு. அந்த இடத்துக்கு நல்லவங்களும் வந்து சேருவாங்க.”

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆளின் குணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குணம் நாற்பது வருடமாக அப்படியே இருக்கும். இந்த மாதம் என்ன மாறியது என்று பாருங்கள். யார் யார் வருவது நின்றது, எந்தக் கேள்வியைக் கேட்பதை அவர் விட்டுவிட்டார், எதை இழக்கப்போகிறார், பெரிய கஷ்டத்துக்கு நடுவே காரணமில்லாத ஒரு நிம்மதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதற்காகச் செடி கொடுப்பவர்கள் எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. இந்த வேலையில் உங்களுக்கு முறுக்கும் பூசணிக்காயும் நிறையவே கிடைக்கும், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தவறாகக் கேட்டதும் உண்டு. வேறொரு வீட்டில் ஒரு அம்மா தன் பட்டுப்புடவையை எடுத்து என் கையில் கொடுத்து, “இனிமே எனக்கெதுக்கு இது,” என்றார். உட்காரவைத்து நேராகவே கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகனோடு பிரிஸ்பேனுக்குக் குடிபோகிறாராம், அந்த வெக்கையில் யார் பட்டு கட்டுவது என்றார். டீ போட்டுக் கொடுத்தார். அப்புறம் டீயை வைத்துவிட்டு, “ஆனா பாரு, என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் இதை யாராவது என்கிட்ட கேட்டிருக்கலாம்,” என்றார். தவறாகக் கேட்டதற்கு நான் கொடுத்த விலை அவ்வளவுதான்.

சிவபாலன் ஐயா சில வாரத்தில் மருத்துவமனையிலிருந்து வந்தார். மருந்து எடுத்துக்கொண்டார், பேச ஆள் கிடைத்தது, கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். தினமும் பஸ் பிடித்து ரெஸ்ட் ஹோமுக்குப் போய், முதலில் ஊழியர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் பிறகு மெல்ல மெல்லத் தனியாகவும் மனைவிக்கு மதியச் சாப்பாடு ஊட்டினார். என்னோடு மட்டும் பேசவில்லை. வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். நான் அதை எதிர்பார்த்ததுதான். காப்பாற்றப்பட்டவர் நமக்கு நன்றி சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். அந்த ரெஸ்ட் ஹோமில் வேறு ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு அறையில் அவர் அம்மாவுக்குக் கரண்டியால் சூப் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் கடந்துவிடப் பார்த்தேன். அம்மாதான் கையை நீட்டி என்னை நிறுத்தினார். யார் என்று தெரியாது. தமிழ் முகம் என்று மட்டும் தெரிந்திருக்கும்.

“பிள்ளை, இந்த ஐயா ஆர்? ஒவ்வொரு நாளும் வாறார்.”

“உங்களுக்கு எப்படித் தோணுதும்மா?”

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “நல்ல மனுசன். இவர் வந்தால் எனக்குப் பயமில்லை.”

கரண்டி அப்படியே நின்றது. அவர் தலை நிமிர்ந்து, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

“கேட்டனீங்களோ, பிள்ளை?” என்றார். “பயமில்லையாம்.”